டாக்டர் இல்லாத நேரத்தில்

வடசென்னையின் கல்மண்டபத்தில் யார் டாக்டர் என்பதை மெடிக்கல் கவுன்சில் முடிவு செய்து நான் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள்தான் முடிவு செய்வார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் டாக்டர். ஊசி கையில் வைத்திருப்பவர் டாக்டர். நிஜ டாக்டர் வெளியே போயிருக்கும் நேரத்தில் மருந்து மேஜைக்குப் பின்னால் நிற்பவர் சந்தேகமே இல்லாமல் டாக்டர். எழுபதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, மார்க்கெட்டை ஒட்டிய ஒரு கிளினிக்கில் கம்பவுண்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்த என்னையும் இந்த ஏற்பாடுதான், மீசை முளைப்பதற்கு முன்பே, டாக்டராக்கிவிட்டது.

இப்போது என் அண்ணன் பேத்தி பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறாள். மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம். பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேரலாம், நீட் கிடையாது. முதல் நாள் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "நீங்க டாக்டர் இல்லன்னு சொன்னாங்க தாத்தா" என்றாள். எங்கள் டாக்டரும் முதல் நாள் அதையேதான் சொன்னார். "டேய், நீ டாக்டர் இல்ல, ஞாபகம் வச்சுக்கோ. போய் பாட்டில் கழுவு." இதில் இரண்டாவது பாதியை மட்டும் பல்கலைக்கழகம் எடுத்துவிட்டது போலிருக்கிறது.

எங்களுக்கு அந்த இரண்டாவது பாதிதான் பாடத்திட்டம். நோயாளிகள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவருவார்கள். முன்பு அதில் இருந்தது பிராந்தியா, மண்ணெண்ணெயா, நல்லெண்ணெயா என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பது முதல் பருவம். அடுத்தது காகிதம் கத்தரிப்பது. ஒரு நீளத் துண்டை மடித்து ஓரத்தில் வெட்டிப் பிரித்தால் பல் பல்லாக வரும். அதை பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு பல் ஒரு வேளை. ஆறு அவுன்ஸ் மருந்துக்கு ஆறு பல். காசிமேட்டிலிருந்து வரும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அதைப் பார்த்து அளவு தப்பாமல் குடித்துவிடுவார். இன்று இதே விஷயம் பேத்தியின் வகுப்பில் தனிப் பாடம். படிப்பறிவு குறைந்த நோயாளிக்கு மருந்தளவை விளக்குவது எப்படி என்று படக்காட்சி போடுகிறார்கள், குழு விவாதம் நடக்கிறது, முடிவில் மார்க்கும் உண்டு. கத்தரிக்கோலும் கோந்தும் மட்டும் இல்லை.

மூன்றாவது பருவத்தில்தான் கலக்க விடுவார்கள். கிரெய்ன், டிராம், அவுன்ஸ் என்று ஒரு கணக்கு. தேசம் மெட்ரிக்குக்கு மாறி வருஷங்கள் ஆகியும் எங்கள் மேஜைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் கார்மினேட்டிவ் மிக்ஸரில் ஏலக்காய் டிங்சர் சேரும். அந்த டிங்சரின் சாயத்தால் மருந்து ரோஸ் நிறமாகிவிடும். ஒருமுறை டாக்டர் வேறு மருந்து எழுத, நிறமில்லாத ஒன்று போய்விட்டது. மறுநாள் காலையில் ஹார்பரில் மூட்டை தூக்கும் ஒருவர் பாட்டிலோடு வந்து நின்றார். "இன்னா டாக்டரே, போன வாட்டி ரோஸ் கலர்ல குட்த்தே, இப்போ வெள்ளையா கீது? தண்ணியா ஊத்திட்டே?" கம்பவுண்டர் பேசாமல் நாலு சொட்டு ஏலக்காய் டிங்சர் விட்டுக் குலுக்கிக் கொடுத்தார். இரண்டு நாளில் அவருக்குச் சரியாகிவிட்டது. பேத்தியிடம் இதைச் சொன்னால், மருந்தியல் நோட்டைப் புரட்டி, "இதுக்குப் பேர் பிளாசிபோ எஃபெக்ட் தாத்தா, மூணாவது யூனிட்" என்கிறாள்.

ஊசி விஷயத்தில் அவளோடு பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன். எங்கள் காலத்தில் கண்ணாடி சிரிஞ்சு. கொதிக்க வைத்த தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுப்போம். முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிக் கூராக்குவோம். தீட்டுவதில் எங்கள் கம்பவுண்டருக்கு ராயபுரம் முழுக்கப் பேர். இதைக் கேட்ட நாளில் அவள் ஹெபடைடிஸ் பி பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுத்தாள். இப்போது ஒரு ஊசி ஒருவருக்குத்தான். குத்தியதும் முனை வெட்டப்பட்டு, எந்தக் கழிவு மஞ்சள் பையில், எது சிவப்புப் பையில் என்று சட்டப்படி பிரிந்து போகிறது. பழகுவதற்கு சிலிக்கான் கை இருக்கிறது. நரம்பு கிடைக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் குத்தலாம். "யோவ், அம்மாவை வரச் சொல்லவா?" என்று அது கேட்காது.

தேர்வில் இன்னொரு வேடிக்கை. நோயாளியாக நடிக்க ஒருவரை உட்காரவைப்பார்களாம். மாணவி உள்ளே போய், தன் பெயரையும் தான் யார் என்பதையும் சொல்லி, தொடலாமா என்று அனுமதி கேட்டு, கை கழுவி, பிறகு நாடி பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மார்க். கல்மண்டபத்தில் அறிமுகம் செய்துகொள்வது நோயாளியின் வேலையாக இருந்தது. "நான் யார் தெரியும்ல?" என்று ஆரம்பிப்பார்கள். அனுமதியும் அவர்கள்தான் கொடுப்பார்கள், நாங்கள் கேட்காமலே: "சீக்கிரம் போடுபா, லாஞ்சு கிளம்பிடும்."

எதிர்பாராத இடத்தில் இரண்டு காலமும் ஒத்துப்போயின. திருக்கை வால் அடித்தோ கெளுத்தி முள் குத்தியோ வரும் மீனவர்களை முதலில் சூடான தண்ணீரில் காலை வைக்கச் சொல்வோம். அது டாக்டர் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. மீனவர்கள் டாக்டருக்குச் சொல்லித் தந்தது. பேத்தி நம்பவில்லை. அவசர சிகிச்சைப் பாடத்தைத் தேடியவள் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், 30 முதல் 90 நிமிஷம். அந்த விஷம் சூட்டில் சிதையும். காசிமேட்டின் பெயர் மட்டும் அடிக்குறிப்பில் விட்டுப்போயிருந்தது.

எங்கள் டாக்டரின் பலகையில் பெயருக்குப் பின்னால் எல்.எம்.பி. என்று இருந்தது. லைசென்ஸ் வாங்கிய மருத்துவர்; எம்.பி.பி.எஸ். அல்ல. அந்த ஜாதி டாக்டர்களை உண்டாக்கியதில் எங்கள் தெருவுக்கும் பங்கு உண்டு. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரியை வடசென்னை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல் அங்கேதான் ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பயிற்றுவித்தது. 1911-இல் அங்கிருந்து முதல் எல்.எம்.பி.க்கள் வெளியே வந்தார்கள். 1933-இல் ஐந்து வருஷ டிப்ளமா ஆனது. 1934-இல் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் ஏறியது. 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியானது. 1946-இல் போர் (Bhore) கமிட்டி, நாட்டுக்கு ஒரே தரத்து டாக்டர் போதும், அரைப் படிப்பு டாக்டர் வேண்டாம் என்று சொல்ல, எல்.எம்.பி. வகுப்புகள் ஊர் ஊராக மூடப்பட்டன. ஆக, "நீ முழு டாக்டர் இல்லை" என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்தான் என்னிடம் "நீ டாக்டர் இல்லை" என்றார். அந்தக் குரலில் ஒரு சுகம் இருந்ததை இப்போது நினைத்தால் புரிகிறது.

மூடிய கதவு வேறு பக்கமாகத் திறந்தது. 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் காயத்துக்குக் கட்டுப் போட்டுப் பழகிய நான்கு பேரைச் சேர்த்து ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் வகுப்பு தொடங்கினார். டாக்டர்கள் போதவில்லை, கை பழகியவர்கள் சும்மா இருந்தார்கள். 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் அந்தப் படிப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 2019-இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, சமுதாய சுகாதார ஊழியருக்கு வரம்புக்கு உட்பட்டு மருத்துவம் பார்க்க லைசென்ஸ் தரலாம் என்றது. "அரை டாக்டரை மறுபடி கொண்டுவராதே" என்று டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் டாக்டர் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை. 2021-இல் துணை மருத்துவப் பணிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் பேத்தியின் தொழிலுக்கும் இடம் கிடைத்தது. வேண்டாம் என்று ஒரு கமிட்டி எடுத்த படியை இன்னொரு கமிட்டி, நீளமான பெயரோடு, அதே இடத்தில் வைக்கிறது. நடுவில் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தவர்கள் நோயாளிகள்.

கம்பவுண்டர்கள் கதை இதைவிடச் சுருக்கம். 1948-இல் ஃபார்மசி சட்டம் வந்தபோது, ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் மருந்து கலக்கியவர்களை முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. யாரிடம் அத்தாட்சி இருந்ததோ அவர் பதிவு பெற்றார். எனக்குப் பாட்டில் கழுவத் தந்தவர் அப்படிப் பதிவானவர். நான் சேர்ந்தபோது அந்தக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் மருந்துக் கம்பெனிகள் எல்லாவற்றையும் அட்டையில் அடைத்துவிட்டதால் கலக்குவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. நான் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனேன். மிக்ஸர் கலக்கிய கை கடைசிவரை பில் ஆஃப் லேடிங் எழுதியது.

போன மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். தெருவில் விஷயம் பரவிவிட்டது. எதிர்வீட்டு ஆயா பிரஷர் பார்க்க வந்து உட்கார்ந்தார். பேத்தி பாடத்தில் படித்தபடியே பெயர் சொல்லி, "நான் டாக்டர் இல்ல ஆயா, ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறேன், டாக்டர் மேற்பார்வையிலதான்..." என்று ஆரம்பித்தாள். ஆயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி டாக்டரம்மா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?"

அவள் என்னைப் பார்த்தாள். உதவி எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் சொன்னது ஒன்றுதான்: செய்த ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து வாங்கி வைக்கும் அந்த லாக் புத்தகத்தைத் தொலைத்துவிடாதே. அடுத்த கமிட்டி வந்து இந்தப் படிப்பு தேவையில்லை என்று சொல்லும். அதற்கடுத்த கமிட்டி தேவை என்று சொல்லி, அனுபவம் இருப்பவர்கள் அத்தாட்சியோடு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கும். அன்றைக்கு முதல் ஆளாக வரிசையில் நில்.