பிஏபிஎக்ஸ் புணரியல்: பாகான் டத்தோ தோட்ட அலுவலகங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தோட்ட அலுவலகத்தில் பிஏபிஎக்ஸ் எனப்படும் தொலைபேசிப் பெட்டியின் சீரியல் போர்ட்டை நெட்வொர்க்கோடு பிணைத்து, அழைப்புக் கணக்கை வேறொரு கட்டடத்துக் கணினியில் வாங்கும் கலையே இவ்வாய்வின் பொருள். பேராக் ஆறு கடலில் விழும் இடத்தில், தென்னையும் செம்பனையும் சூழ்ந்த பாகான் டத்தோ இதற்கு உகந்த நிலம். 2017இல்தான் அது பேராக்கின் 12ஆவது மாவட்டமானது. ஆகவே மாவட்டத்துக்கு மூத்த பெட்டிகள் அங்கே இருக்கும் எனத் துணியலாம். இந்நிலத்தின் திணை எது என்பதற்கு வேறு ஆய்வேடுகள் ஓர் இயல் முழுவதையும் செலவிடும். நெய்தல்.

வரலாறு சுருக்கமானது. சீரியல் போர்ட்டுக்குரிய ஆர்எஸ்-232 என்ற இணைப்பு நெறி 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. பரவலாகப் புழங்கிய சி திருத்தம் 1969இல் வந்தது. இடையில், 1966இல், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. அப்போது ஆறு வயது நிரம்பியிருந்த இந்நெறி அங்கே ஏன் பேசப்படவில்லை என்பது ஆராயத்தக்கது; ஆராயாமல் விடுவது அதனினும் தக்கது.

பெட்டி பேசும் மொழி எளியது. யாராவது போனை வைத்ததும் அது ஒரு வரி எழுதும்: தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன், வெளிக்கம்பி, அழைத்த எண், பேசிய நேரம். எஸ்எம்டிஆர் எனப்படுவது இதுவே. ஒரு வரி ஏறத்தாழ 80 எழுத்து. 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து போகும் என்பதால், தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தெலுக் இந்தானுக்குப் பேசி முடித்தாலும் கம்பிக்கு மூச்சு வாங்காது. கேட்க ஆளில்லாவிட்டாலும் பெட்டி சொல்லிக்கொண்டே இருக்கும். இவ்வியல்பு கருத்தரங்குக் கட்டுரையாளர் சிலரிடமும் காணப்படும். முற்காலத்தில் இவ்வரிகளை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வாங்கி அடித்தது. கிராணியார் தாளைக் கிழித்து, பங்களாவின் சொந்த அழைப்புகளுக்குச் சிவப்புக் கோடு போட்டார்.

வேகம் பொருந்தாவிட்டால் திரையில் குப்பை எழுத்து வரும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

இனிப் புணர்ச்சி. பெட்டியின் போர்ட்டும் எதிரிலுள்ள கருவியின் போர்ட்டும் சேரும் முறை இது. முனை இருப்பது ஆண், துளை இருப்பது பெண் என்ற பகுப்பில் உரைகாரர்களுக்குள் சண்டை இல்லை. சண்டை முழுவதும் 2ஆம் முனைக்கும் 3ஆம் முனைக்கும் இடையில்தான். ஒன்று பேச வேண்டும், மற்றது கேட்க வேண்டும். கணினி வகைக் கருவியின் 25 முனைப் பிளக்கில் 2 பேசும், 3 கேட்கும். 9 முனைப் பிளக்கில் 2 கேட்கும், 3 பேசும். மோடம் வகையில் இரண்டும் தலைகீழ். தொலைபேசிப் பெட்டி தன்னைக் கணினி என்று எண்ணிக்கொண்டிருக்கிறதா, மோடம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறதா என்பதை அதன் கையேடு சொல்லும், கையேடு கிடைப்பதில்லை.

எண்ணுக்கு எண் நேராக இழுப்பது இயல்புப் புணர்ச்சி. 2ஐயும் 3ஐயும் மாற்றி இழுப்பது விகாரப் புணர்ச்சி. விகாரம் மூன்று என்பது அறிந்ததே: தொல்காப்பியர் மிகுதல், மெய்பிறிதாதல், குன்றல் என்றதைப் பவணந்தியார் தோன்றல், திரிதல், கெடுதல் என்றார். நடுவே ஓர் அடாப்டர் முளைப்பது தோன்றல். கம்பி இடம் மாறுவது திரிதல். கெடுதலுக்கு மின்னல் வேண்டும், அது பின்னர்.

முதல் உரைகாரர் எக்காலத்தும் திரிதலே வேண்டும் என்பார் (அலமாரிக் கதவின் உட்பக்கம், பென்சில், வரி 2). இரண்டாம் உரைகாரர் இதை மறுத்து, 25 முனைக்கும் 9 முனைக்கும் நடுவே நேராக இழுத்தாலே ஒன்றின் வாய் மற்றதன் காதில் போய் உட்காரும், ஆகவே உருவில் இயல்பும் பயனில் விகாரமும் ஆம் என்பார் (பெட்டியின் இடப்பக்க ஒட்டுத்தாள், சிவப்பு மை, கறையான் தின்றது போக எஞ்சிய பாடம்). இரண்டும் கணினி வகையாக இருந்தால் அவர் சொல்வது சரி. மூன்றாம் உரைகாரர் இருவர் சொல்லையும் மதித்து, திரிந்த கேபிளின் நுனியில் திரிக்கும் அடாப்டரையும் மாட்டினார். விகாரத்தின் மேல் விகாரம் ஏறி மறுபடியும் இயல்பானது. திரை வெறுமையாக இருந்தது. அவர் தந்த விளக்கம்: “பெட்டி பழசு” (மேசை இழுப்பறைத் தொகுதி, மேலிருந்து இரண்டாம் அறை, கோடாலித் தைலப் புட்டிக்குக் கீழ், நாலு நம்பர் சீட்டின் பின்புறம், மடிப்பில் மூன்று எழுத்து சிதைவு, ஒப்பு நோக்குக: அதே சீட்டின் முன்புறம், அந்த எண்ணும் விழவில்லை). 9 முனையில் 5ஆம் கம்பி, 25இல் 7ஆம் கம்பி, பொதுத் தரை. இதை மூவருமே குறிப்பிடவில்லை. இது விட்டுப்போனால் எந்த உரையும் உதவாது.

அலுவலகத்தையும் ஆலையையும் இணைக்கும்போதுதான் நெட்வொர்க்கின் தேவை தெரியும். சி திருத்தம் கேபிளுக்குத் தந்த எல்லை 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர். ஈதர்நெட் செப்புக் கம்பிக்கு 100 மீட்டர். தோட்டத்தில் இரண்டும் பெரும்பாலும் போதாது. ஆகவே பெட்டிக்குப் பக்கத்தில் சீரியல் டிவைஸ் சர்வர் என்ற சிறு கருவியை வைத்து, கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் இழுப்பர். இரு கட்டடங்களிலும் செப்பை நேரடியாகப் பிணைத்தவர்கள் கெடுதலைக் கண்டவர்கள்: மின்னல் அருகே விழும்போது இரண்டு கட்டடத் தரைகளின் மின்னழுத்தம் வேறுபட, அந்த வேறுபாடு கம்பி வழியே பாய்ந்து போர்ட்டைச் சுட்டுவிடும். ஃபைபர் கண்ணாடி; மின்சாரம் கடத்தாது.

டிவைஸ் சர்வர் வரிகளை அப்படியே டிசிபி வழியாக அனுப்பும். ஒரு பிரபல வகையில் முதல் போர்ட்டின் வாசல் எண் 4001. கணினியில் இல்லாத காம் போர்ட்டை இருப்பதாகக் காட்டும் மாயவாதமும் உண்டு. வேகம் முதலிய அமைப்புகளைத் தொலைவிலிருந்தே மாற்றும் விதியை ஆர்எஃப்சி 2217 என்ற 1997ஆம் ஆண்டு ஆவணம் வகுத்தது. இப்பகுதியில் ஒரே ஒரு இடர்ப்பாடுதான் கவனத்துக்குரியது. பல கருவிகள் ஒரு வாசலில் ஒருவரை மட்டுமே விடும்படி அமைத்து வருகின்றன. ஈப்போவில் இருக்கும் யாரோ சோதிப்பதற்காக டெல்நெட்டில் புகுந்து, அப்படியே தேநீர் குடிக்கப் போனால், பில் மென்பொருள் அன்று முழுவதும் வெளியே நிற்கும். மின்தடையால் எதிர்க் கணினி திடீரென அணைந்தாலும் அதே கதை: ஆள் போனது தெரியாமல் கருவி வாசலைப் பிடித்துக்கொண்டிருக்கும். கீப் அலைவ் என்ற அமைப்பை இயக்கி, நேர எல்லையைச் சில நிமிடங்களாகக் குறைப்பதே தீர்வு.

இன்று தோட்டத்தில் எல்லார் கையிலும் கைப்பேசி. எக்ஸ்டென்ஷனில் வெளியே பேசுவோர் அரிது. ஆயினும் மாதக் கடைசியில் அறிக்கை அச்சாகிறது. அழைப்பே இல்லாத மாதத்திலும் அந்த வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.