நீல அட்டைக்கு ஒரு வாழ்த்து

சிங்கப்பூர் நிரந்தரவாசிக்குரிய நீல அட்டையே, பன்னிரண்டு ஆண்டுகளாக என் பணப்பையில் இருக்கிறாய். வங்கிக்குப் போனாலும் மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் உன்னைத்தான் எடுத்து நீட்டுகிறேன். வேலை போனால் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, விமானம் ஏற வேண்டுமே என்ற பயம் உன்னால்தான் என்னை விட்டுப் போனது. இந்த ஊரில் என்னை வேர்விட வைத்தவன் நீ. அதனால் உன் பெருமைகளைச் சொல்ல எனக்குக் கடன் இருக்கிறது. சொல்லப்போவதில் பொய் ஒன்றும் இல்லை.

முதலில் உன் நேர்மை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பட்டா பெயர் மாற்றத்துக்கு எத்தனை பேரைப் பிடிக்க வேண்டும், எத்தனை கைகளில் எவ்வளவு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் அது கிடையாது. விண்ணப்பத்துக்கு நூறு வெள்ளி. வங்கியில் பெரிய பதவியில் இருப்பவருக்கும் நூறு, எஸ் பாஸ் வேலை அனுமதியில் கப்பல் பட்டறையில் மேற்பார்வை பார்ப்பவருக்கும் அதே நூறு. ஏற்கப்படாவிட்டால் இருவருக்குமே திரும்பி வராது. கையூட்டு கொடுக்க ஆள் தேடினால் கிடைக்க மாட்டார். ஏன் எனக்கு இல்லை என்று கேட்க ஆள் தேடினாலும் கிடைக்க மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே கதவைத்தான் சாத்தி வைத்திருக்கிறாய்.

அடுத்தது உன் மௌனம். மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு வரும் பதில் சில வரிகள்தான். பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை. காரணம் சொல்வதில்லை என்பது உன் கொள்கை. அதிலிருந்து நீ யாருக்காகவும் இறங்கியதில்லை. பெண் பார்த்துவிட்டு 'ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்' என்று சொல்லிப் போனவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கடுதாசி வராத வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பெண் கண்ணாடி முன் நிற்பாள். நிறமா, உயரமா, அன்றைக்குக் காபி சரியில்லையா என்று வீடே தன்னைத் தோண்டிப் பார்க்கும்.

லிட்டில் இந்தியாவின் தேக்காப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் உன் மௌனத்துக்கு உரை எழுதுகிறவர்களைக் கேட்கலாம். மூணு வருஷமாவது வருமான வரி கட்டியிருக்கணும் என்பார் ஒருவர். சம்பளமெல்லாம் கணக்கில்ல, கம்பெனி பெருசா இருக்கணும் என்பார் அடுத்தவர். சம்சாரமும் வேலைக்குப் போகணும். ஆம்பளைப் பிள்ளை இருந்தா நல்லது, தேசிய சேவைக்கு ஆள் ஆச்சே. சமூக மன்றத்துல தொண்டு செஞ்ச போட்டோவை வைங்க. நன்கொடை ரசீதை வைங்க. எல்லாம் வைத்தும் மூன்று முறை திரும்பி வந்த ஒருவர் இலையைப் பார்த்தபடி பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவருக்கு முதல் தடவையிலேயே கிடைத்திருக்கும். ஏன் கிடைத்தது என்று அவருக்கும் தெரியாது. இந்த மௌனத்தில் பிழைக்கும் முகவர் தொழிலே ஒன்று இருக்கிறது. படிவத்தை நிரப்பித் தர ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்குகிறார்கள். நீ நூறு வெள்ளியோடு நின்றுகொள்கிறாய்.

இனச் சமநிலை பெரும்பாலும் மாறாமல் பார்த்துக்கொள்வோம் என்று அரசாங்கம் பலமுறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஒரு சிறிய தீவில் பல இனங்கள் பயமின்றி வாழ அது தேவை என்று கருதுவோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் வரிசை அந்த ஆண்டு நிரம்பிவிட்டதால் தான் விடுபட்டோமா, தன் படிப்பிலோ உழைப்பிலோ குறையா என்று தெரியாத மனிதர், குறை தன்னுடையது என்றே எடுத்துக்கொள்கிறார். பிழையை எப்போதும் கேட்டவர் பக்கமே நிற்க வைக்கும் ஆற்றல் உனக்கு இருக்கிறது. கணக்கிலும் நீ கெட்டி. 2008-ல் 79,167 பேருக்கு உன்னைக் கொடுத்தார்கள். 2010-ல் 29,265 பேருக்கு. அந்த இரண்டு ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களின் தகுதி பாதிக்கும் கீழே போயிருக்காது. வாசல் குறுகியது. குறுகிய வாசலில் இடித்துக்கொண்டவர் தன் தலையைத்தான் தடவிப் பார்த்தார்.

உன் ஞாபக சக்தியையும் சொல்ல வேண்டும். வேலைவழி வந்து உன்னைப் பெற்ற முதல் தலைமுறை ஆண்களிடம் நீ தேசிய சேவை கேட்பதில்லை. எனக்கும் விலக்குக் கொடுத்தாய். நான் விண்ணப்பித்தபோது என் மகனுக்கு ஐந்து வயது. படிவத்தில் அவன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அவனுக்குப் பதினேழு. பதினாறரை வயதில் பதிவு செய்தாகிவிட்டது. பதினெட்டில் ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் படகேறுவான். இரண்டு ஆண்டு முழுநேரம், பிறகு பொதுவாக நாற்பது வயது வரை அவ்வப்போது அழைப்பு. அவன் மனதாரப் போகிறான், எனக்கும் பெருமைதான். ஆனால் ராத்திரியில் நினைத்துக்கொள்வேன்: வாங்கியவன் நான், அடைக்கிறவன் அவன். சேவை செய்யாமல் உன்னைத் திருப்பிக் கொடுத்த பையன்கள், பிற்பாடு படிக்கவோ வேலைக்கோ இங்கே வரக் கேட்டால் நீ அதை மறக்க மாட்டாய் என்று முன்னதாகவே எச்சரித்திருக்கிறாய். யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது, சொல்லிவிட்டுத்தான் செய்கிறாய்.

உன் பெயரில் நிரந்தரம் இருக்கிறது. உன்னைப் பெற்ற அன்று ஊருக்குப் போன் செய்தபோது அம்மா, "நிரந்தரம்னா இனிமே வரமாட்டியாப்பா?" என்று கேட்டார். இல்லையம்மா, வெளியே போய்த் திரும்பி வர மறுநுழைவு அனுமதி வேண்டும், அதைப் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப அது நிரந்தரமில்லையே" என்றார். அம்மா ஐந்தாவதோடு நின்றவர்.

தமிழுக்கு இந்த நாடு செய்திருக்கும் மரியாதையை நினைத்து நான் நெகிழ்ந்த நாட்கள் உண்டு. நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ். வெள்ளி நோட்டில் தமிழில் சிங்கப்பூர் என்று இருக்கிறது. ரயிலில் தமிழில் அறிவிக்கிறார்கள். தமிழில் இருந்த என் மனைவியின் பிறப்புச் சான்றிதழை மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி உன்னிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது உன் வாசல்களுக்கு வருகிறேன். அவற்றை நீ ஒளித்து வைக்கவில்லை. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணந்தவருக்கு ஒரு வாசல். அவர்களின் இருபத்தொரு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கு ஒன்று. குடிமக்களின் வயதான பெற்றோருக்கு ஒன்று. இரண்டு ஆண்டாவது இங்கே இருந்து தேசியத் தேர்வில் தேறிய மாணவருக்கு ஒன்று. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நான் வந்த வழி அது. கலைஞர்களுக்குக்கூட ஒன்று வைத்திருக்கிறாய், அது எனக்குப் பிடிக்கும். பிறகு முதலீட்டாளர் வாசல். முன்பு இருபத்தைந்து லட்சம் வெள்ளியாக இருந்த தொகையை 2023 மார்ச்சில் ஒரு கோடி ஆக்கினார்கள். தொழிலில் ஒரு கோடி வெள்ளி போடலாம். அல்லது குறிப்பிட்ட நிதியங்களில் இரண்டரைக் கோடி. அல்லது இருபது கோடி வெள்ளிச் சொத்தை நிர்வகிக்கும் குடும்ப அலுவலகம் ஒன்றை இங்கே வைக்கலாம். தெளிவான எண்கள். கேட்பவரைக் குழப்புவதே இல்லை.

வொர்க் பர்மிட்காரருக்கு வாசல் இல்லை. அதையும் நீ தெளிவாகவே வைத்திருக்கிறாய். கட்டட வேலை, கப்பல் பட்டறை, வீட்டு வேலை செய்வோர் எத்தனை ஆண்டு இருந்தாலும் விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே அவர்களுக்கு நிராகரிப்பின் வலியும் இல்லை. உன்னிடம் அவர்கள் ஒருபோதும் தோற்றதில்லை. பணத்துக்கு உன்னிடம் அளவுகோல் இருக்கிறது, சம்பளத்துக்கும் படிப்புக்கும் இருக்கிறது. ஆண்டுகளுக்குத்தான் இல்லை. மலேசியர் தவிர்த்த ஒவ்வொரு பர்மிட்காரருக்கும் முதலாளி ஐயாயிரம் வெள்ளி பிணை கட்டுகிறார். அந்தத் தொழிலாளி ஊர் போய்ச் சேர்ந்ததும் பிணை விடுபடுகிறது. பர்மிட்காரர் சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். பர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அந்த விதி அவரோடு போகிறது. உழைத்த ஆண்டுகளில் ஒன்றையும் நினைவில் வைக்காத நீ, அவர் மனதை மட்டும் கடல் தாண்டியும் நினைவில் வைத்திருக்கிறாய்.

முன்பு கட்டட வேலை, கப்பல் பட்டறை ஆட்கள் பலருக்கு ஆண்டு வரம்பு இருந்தது. 2025 ஜூலை முதல் அதை எடுத்துவிட்டார்கள். இனி அறுபத்து மூன்று வயது வரை அவர்கள் இங்கே உழைக்கலாம். நல்ல மாற்றம்தான், கடனில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு. இருபத்திரண்டில் வந்தவர் நாற்பத்தொரு ஆண்டு இங்கே இருப்பார். மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது, பிள்ளையை இங்கே படிக்க வைக்க முடியாது. அறுபத்து மூன்றில் சாங்கி விமான நிலையத்தில் அவரை வழியனுப்புவோம். வேலை செய்ய முடிந்த வயது முழுவதையும் வாங்கிக்கொள்ள இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு காலத்தில் இந்தத் தீவு உன் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. 1825-ல் இந்தியக் கைதிகளைக் கப்பலில் கொண்டு வந்து இறக்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவையும் கட்டியது அவர்கள் உழைப்பு. 1873-ல் சிறையை மூடியபோது, தண்டனை முடிந்தவர்கள் பலர் இங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். கைதிக்குக் கிடைத்த இடம் அது. பிறகு 1957-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வெளியூரில் பிறந்தவர்களும் குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால், விசுவாச உறுதி கூறிப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். தமிழ் முரசை 1935-ல் தொடங்கிய கோ. சாரங்கபாணி அதை ஓர் இயக்கமாகவே எடுத்துக்கொண்டார். போய்ப் பதியுங்கள், இதுதான் இனி நம் ஊர் என்று தமிழர்களை விடாமல் வற்புறுத்தினார். எல்லா இனத்தவருமாக மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும் நகராண்மைக் கழகத்தில் சாக்கடை வாரியவர்களுக்கும் அந்த வரிசையில் இடம் இருந்தது. எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று கேட்கவில்லை. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று குடிமக்களுக்குரிய இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கிறார்கள். அவர்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். உன் இன்றைய அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்தத் தாத்தாக்களில் அநேகமாக ஒருவரும் தேற மாட்டார்கள். நானும் கணினி படித்திராவிட்டால் தேறியிருக்க மாட்டேன்.

போன தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, பஃபலோ சாலைப் பக்கம் லிட்டில் இந்தியா ரயில் நிலைய வாசலில் ஒருவர் என்னிடம் வழி கேட்டு, அப்படியே பேச்சில் நின்றார். புதுக்கோட்டைப் பக்கம். பதினெட்டு வருஷமாகக் கட்டட வேலை. டௌன்டவுன் பாதையின் 2015 கடைசியில் திறந்த பகுதியில் இந்த நிலையத்துக்காக வேலை செய்திருக்கிறார். காலால் தரையைத் தட்டி, "இதுக்குக் கீழ ரெண்டு வருஷம் கெடந்தேண்ணே" என்றார்.

பிறகு தயங்கி, "பிஆர் எப்படிண்ணே அப்ளை பண்றது?" என்று கேட்டார்.

"பர்மிட்ல முடியாது தம்பி."

"எத்தனை வருஷம் ஆனாலுமா?"

"ஆமா."

"சரிண்ணே." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "அந்தக் கார்டைக் காட்டுறீங்களா? இதுவரைக்கும் கையில வாங்கிப் பார்த்ததில்ல."

உன்னை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் என் படத்தைப் பார்த்தார். திருப்பினார். பின்பக்கம் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறதே, அதையே உற்றுப் பார்த்தார். தன் வலது கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தார், தொடவில்லை.

"எனக்கு ரேகையே தேஞ்சு போச்சுண்ணே, சிமெண்டுல. மெஷின்ல வச்சா சில நேரம் எடுக்கவே மாட்டேங்குது."

உன்னைச் சட்டை நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.