திட்டு வாங்க ஒரு கம்பெனி

எங்கள் அடுக்ககத்தில் செயலாளர் பதவிக்குப் போட்டியே கிடையாது. பொதுக்குழுவுக்கு யார் வரவில்லையோ அவர்தான் செயலாளர். நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு மாலை விழுந்த அதே முகூர்த்தத்தில் எனக்கும் விழுந்துவிட்டது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சங்கத்துக்குச் செயலாளர் என்றால் சும்மாவா? சம்பில் எத்தனை அடி தண்ணீர், 12,000 லிட்டர் லாரி எப்போது வரும், லிஃப்டின் ஏஎம்சி என்றைக்கு முடிகிறது, கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டார் ஏன் ராத்திரியில் மட்டும் முனகுகிறது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சொந்த வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியாதவன் நான். விடியற்காலையில் லாரிக்காரர் போன் செய்து, "சார், கேட்டைத் திறக்கச் சொல்லுங்க" என்பார். நான் குழைந்து பதில் சொல்வதைக் கேட்டு, "என்கிட்டகூட இவ்வளவு பணிவாப் பேசினதில்லையே நீங்க" என்பாள் மனைவி.

அதனால்தான், ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் கம்பெனி வைக்கலாம் என்று யாரோ சொன்னதும் முதலில் கைதூக்கியவன் நான்தான்.

கொட்டேஷன் வந்தது. மேனேஜர், சூப்பர்வைசர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி. ஆளுக்கு ஆள் பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், யூனிஃபார்ம். ஒருவர் லீவு போட்டால் வருகிற ரிலீவருக்குத் தனி. அதற்கெல்லாம் மேலே சர்வீஸ் சார்ஜ். அந்த மொத்தத்துக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

பொதுக்குழுவில் தரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் வரியைப் பற்றித்தான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிய சங்கத்தில், மாதப் பராமரிப்புத் தொகை ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் குடியிருப்பவர் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். மொத்தத்துக்குமா, கூடுதலுக்கு மட்டுமா என்று ஒரு விவாதம். கூடுதலுக்கு மட்டும்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னதை வக்கீல் மாமா எடுத்துக்காட்டினார். "எதுக்கு வம்பு? எவ்வளவு வேணாலும் செலவு பண்ணுங்க, 7,500-க்குள்ள பண்ணுங்க" என்று தீர்மானம் நிறைவேறியது. கொட்டேஷனில் இருந்த ராத்திரி பிளம்பர் அந்த இடத்திலேயே வேலை இழந்தார்.

கம்பெனி வந்தது. மேனேஜர் டை கட்டியிருந்தார். புகார்களுக்கு டிக்கெட் நம்பர் கிடைத்தது. முன்பெல்லாம் ஒழுகினால் நான் போய் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவேன். இப்போது மேனேஜர் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறார். கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போதே டிக்கெட் மூடப்பட்டதாக எஸ்எம்எஸ் வருகிறது.

பொறுப்பு மட்டும் கைமாறவில்லை. மின் இணைப்பும் லிஃப்ட் உரிமமும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கின்றன. செக்கில் கையெழுத்து என்னுடையது. பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவருக்குக் கம்பெனி அழகான நினைவூட்டல் அனுப்பும். லிஃப்டில் அவரோடு அசட்டுச் சிரிப்பு சிரித்தபடி எட்டு மாடி ஏறுவது நான்.

அப்படியானால் மாதாமாதம் எதற்குப் பணம் கொடுக்கிறோம்? திட்டுவதற்கு. முன்பு என்னைத் திட்ட வந்தவர்கள், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே என்று கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். மேனேஜரிடம் அந்தக் கூச்சம் இல்லை. அதிலும் அவரை முதல் ஆளாகக் காலை ஆறு மணிக்கு எழுப்பித் திட்டுகிறவன் யார் என்று நினைக்கிறீர்கள்? பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

போன வாரம் அந்த மேனேஜர் பையன் ராஜினாமா கடிதத்தோடு வந்தான். "சார், நீங்க எப்படி இந்த வேலையைச் சம்பளமே இல்லாமப் பார்த்தீங்க?" என்று கேட்டான்.

"சம்பளம் இருந்திருந்தா நானும் ராஜினாமா பண்ணியிருப்பேன், தம்பி."