கைக்காசும் கடைசி ரேஸும்: ஓர் ஒழுக்கவியல் ஆராய்ச்சி

பந்தயம் கட்டலாமா கூடாதா என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அதைப் பெரியவர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் சூது. அதற்கு முந்தையது கள்ளுண்ணாமை, அடுத்தது மருந்து. இந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ரேஸ் நாள் மாலையில் கிண்டி ரயில் நிலையத்தில் நின்று, திரும்பி வருகிறவர்களின் முகங்களைப் பார்த்தவருக்கு உரையே தேவைப்படாது. நாம் எடுத்துக்கொள்ளும் வினா இதைவிடச் சிறியது. கட்டுவது என்று தீர்மானமாகிவிட்டது, கையில் இருப்பதோ கொஞ்சம் என்றால், அந்தக் கொஞ்சத்தை ஒழுங்காகத் தோற்பது எப்படி?

ஆய்வுக் களமாகக் கிண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே பந்தயத்திடல் அமைந்தது 1777-இல்; மெட்ராஸ் ரேஸ் கிளப் தோன்றியது 1896-இல். பக்கத்துச் சாலைக்கே ஐந்து பர்லாங் சாலை என்றுதான் பெயர். 1974-இல் ரேஸை நிறுத்தச் சட்டம் வந்தது. அதன்மேல் தொடுத்த வழக்கு எந்தக் குதிரையும் ஓடாத தூரம் ஓடி, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைவிடத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்பது தீர்ப்பு. குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை, பார்த்துப் பணம் கட்டுகிறவரின் திறமை மூன்றும் அதில் அடங்கும். முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவதைப் பற்றியதே இக்கட்டுரை. 2024 செப்டம்பரில் குத்தகை ரத்து என்று சொல்லி அரசு அந்த இடத்துக்குப் பூட்டுப் போட்டது தனி வழக்கு, தனி ஆய்வு.

கைக்காசு குறைந்தவர் என்பதற்கு இலக்கணம் கூறுவாம். தோற்றால் யாரிடமாவது பதில் சொல்லியாக வேண்டியவர் எவரோ, அவர் கைக்காசு குறைந்தவர். எம்.ஏ.எம். ராமசாமி போன்றோர் இவ்விலக்கணத்துள் அடங்கார். அவருக்குக் குதிரைகளே சொந்தமாக இருந்தன.

இவர்களிடம் ஒழுக்கமே கிடையாது என்பது பரவலான கருத்து. கள ஆய்வு அதை மறுக்கிறது. ஒழுக்கம் இருக்கிறது, அது பைகளில் இருக்கிறது. மேல்சட்டைப் பையில் ரேஸ் காசு. பின்பை பர்ஸில் வீட்டுக் காசு. ஆனால் அவசரத்துக்கு ரேஸ் காசாகும் தகுதி அதற்கு உண்டு. வாடகைப் பணம் பட்டாபட்டி டிராயரின் பையில். அதை எடுக்க வேண்டுமானால் வேட்டியை ஒதுக்கி, கையை உள்ளே விட்டு, நாலு பேர் பார்க்கத் துழாவ வேண்டும். வேர்வையில் நோட்டு நோட்டோடு ஒட்டியிருக்கும். ஒன்றை உருவினால் மூன்று வரும். அந்தக் கூச்சம்தான் காவல். சமையலறையில் கடுகு டப்பாவில் ஒரு பணம், பருப்பு டப்பாவில் ஒரு பணம் என்று மறைத்து வைக்கும் அம்மாக்களின் நிதிநிர்வாகமே இங்கே துணியில் தைக்கப்பட்டிருக்கிறது. ஒரே பணத்தை மனம் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைக்கும் இவ்வழக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. டிராயர் தைத்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இம்முறையின் பலவீனம் நேரம். கவுன்டர் மூட இரண்டு நிமிடம் என்ற அறிவிப்பு வந்ததும் கூச்சம் முதலில் போகிறது, வாடகை அடுத்துப் போகிறது. ஆகவே, இத்துறை கண்ட கருவிகளுள் தலைசிறந்தது ரயில்வே சீசன் டிக்கெட் என்பது எம் துணிபு. அதுவும் பணம்தான். ஆனால் எந்தக் கவுன்டரும் அதை வாங்கிக்கொள்ளாது. தாம்பரத்திலிருந்து வருகிறவர் எவ்வளவு தோற்றாலும் தாம்பரம் திரும்பிவிடுவார்.

இனி, எதிரி யார் என்று பார்ப்போம். டோட்டில் கட்டுகிறவர் தம்மைக் குதிரையோடு மோதுகிறவராக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் மோதுவது பக்கத்தில் நிற்பவரோடு. எல்லாருடைய பணமும் ஒரே குவியலாகும். அதிலிருந்து ஒரு பங்கு கழியும். மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இம்முறையைக் கொண்டுவந்த ழோசெஃப் ஒல்லேதான் பின்னாளில், 1889-இல், பங்காளியோடு சேர்ந்து மூலான் ரூஜ் என்ற ஆடலரங்கையும் தொடங்கினார். ஆண்கள் பையிலிருந்து பணம் எவ்வெவ் வழிகளில் வெளியேறும் என்பதில் அவருக்கு அகன்ற ஞானம். கணக்குக்காக, கழிவு நூற்றுக்கு இருபது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாயோடு வந்தவர், ஒவ்வொரு ரேஸிலும் கையில் உள்ளதையெல்லாம் கட்டி, சராசரிப்படி மட்டுமே தோற்றுக்கொண்டு போனால் எட்டாவது ரேஸ் முடிவில் மிஞ்சுவது 168 ரூபாய். இதில் துரதிர்ஷ்டம் சேரவில்லை. வரியும் சேரவில்லை, 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ரேஸ் பந்தயத்தை 28 சதவீத அடுக்கில்தான் வைத்தார்கள்.

இதை வெல்ல மக்கள் கண்ட முதல் வழி இரட்டிப்பு. நூறு கட்டித் தோற்றால் இருநூறு, பிறகு நானூறு, எண்ணூறு. என்றாவது ஒருநாள் ஜெயித்தே தீர வேண்டும், போனதெல்லாம் திரும்பி மேலே நூறு லாபம். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் போனது 6,300. ஏழாவதற்குத் தேவை 6,400. ஆக, நூறு ரூபாய் லாபத்துக்காக 12,700 ரூபாயை நிறுத்த வேண்டும். அவ்வளவு வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் எதற்கு என்பதை இம்மார்க்கத்தார் விளக்குவதில்லை.

இம்மார்க்கத்தின் மூலவர் தருமபுத்திரர். பணயம் கட்டுக்குக் கட்டு ஏறிற்று: முத்துமாலை, தேர், யானை, நாடு, நகுலன், சகாதேவன், அருச்சுனன், பீமன், தான், திரௌபதி. எந்தக் கட்டிலும் சிறியதற்கு இறங்கியதாகச் சான்று இல்லை. இதைவிடக் கவனிக்கத்தக்கது அடுத்து நடந்தது. திரௌபதி கேட்ட வரங்களையொட்டிப் போனதெல்லாம் திரும்பக் கிடைத்தது. மனைவி மீட்டுக் கொடுத்த கைக்காசோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர், மறுபடி கூப்பிட்டதும் மறுபடி போனார். அடகுக் கடையிலிருந்து வளையலை மீட்ட எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பருவத்துக்குப் பொழிப்புரை வேண்டாம்.

அறிவியல் முறை 1956-இல் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொலைபேசிக் கம்பி இரைச்சலுக்கு நடுவே செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் கெல்லி, போகிற போக்கில், கைக்காசில் எத்தனை பங்கைக் கட்டலாம் என்பதற்கும் வாய்பாடு தந்துவிட்டார். ஜெயித்தால் ரூபாய்க்கு எத்தனை மடங்கு லாபம் என்பதை ஜெயிக்கும் வாய்ப்பால் பெருக்கு. தோற்கும் வாய்ப்பைக் கழி. வந்ததை அந்த மடங்கால் வகு. ஒன்றுக்கு இரண்டு தரும் குதிரை, ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது என்றால் விடை பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் வைத்திருப்பவர் நூறு கட்டலாம். அதே குதிரையின் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான் என்றால் விடை பூஜ்யம். வீட்டுக்குப் போ என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்லும் வாய்பாடு கணிதத்தில் வேறில்லை.

இதை நம் பழைய வழக்குகளில் பொருத்திப் பார்த்தோம். சகுனியிடம் தருமருக்கு வெல்லும் வாய்ப்புப் பூஜ்யம். சமப் பணயமென்று கொண்டால், வாய்பாடு தரும் விடை கழித்தல் ஒன்று. அதாவது, தருமர் கைக்காசு முழுவதையும் சகுனியின் பக்கம் கட்டியிருக்க வேண்டும். நளன் கதை இதற்கு நேர்மாறு. தேரோட்டியாக வேடமிட்டிருந்த நளன், தனக்குத் தெரிந்த குதிரை நூலைக் கொடுத்து இருதுபன்னனிடம் சூது நூலைப் பெற்றான். குதிரை வித்தைக்கும் சூதுக்கும் நடந்த முதல் பண்டமாற்று இதுவாகலாம். மெட்ராஸ் ரேஸ் கிளப் தன் வாசலில் இதற்குச் சிலை வைத்திருக்க வேண்டும். கற்றபின், முன்பு தன்னைச் சூதில் வென்ற புட்கரனோடு மறுபடி ஆடி, ஒரே எறிவில் எல்லாவற்றையும் வைத்து வென்றான். இது ஒழுக்கக்கேடு என்று ஒரு சாரார் கூறுவர். அன்று. வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு நூறு என்றால் கெல்லியின் வாய்பாடும் முழுவதையும் கட்டு என்றுதான் சொல்கிறது. நளன் வாய்பாட்டுக்கு உட்பட்டே நடந்தான்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ரயில் நிலையப் படிக்கட்டில் சிறு பந்தயக்காரரை ஒதுக்கி நிறுத்தி, காதருகே ஒருவர் சொல்கிறார்: “சார், அஞ்சாவது ரேஸு, ரெண்டாம் நம்பர். ஜாக்கி வாயால வந்த சேதி. யாராண்டயும் சொல்லிடாதீங்க.” டிப் என்பது ஒருபோதும் நூற்றுக்கு நாற்பது என்று வருவதில்லை. நூற்றுக்கு நூறாகவே வரும். நூறைப் போட்டால் வாய்பாடு என்ன செய்யும், பாவம்? வாடகைப் பணத்தையும் சேர்த்துக் கட்டு என்கிறது. ஓடுவது எட்டுக் குதிரை என்றால், எட்டுப் பேரிடம் எட்டு நம்பரைச் சொன்னவருக்கு ஒருவர் நிச்சயமாகப் பணம் தருவார். மற்ற எழுவர் கூட்டத்தில் அவரைத் தேடுவார்கள். நளனும் டிப் கேட்டவன்தான். ஆனால் இருதுபன்னன் தேரில் இருந்தபடியே தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொன்னபோது, அவன் தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிச் சாய்த்து, எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாக வந்தபிறகே நம்பினான். ஜாக்கி வாயால் வந்ததா என்று ஜாக்கியைத் தேடிப் போனவரைக் களத்தில் யாம் காணவில்லை.

தோற்கும்போது ஒழுக்கம் குலையும் என்பதே இதுவரை அறிஞர் கொள்கை. யாம் மாறுபடுகிறோம். தோற்கிறவர் ஒழுக்கசீலர், காசு குறையக் குறைய விரல்கள் இறுகும், டீயைக்கூட இருவர் பங்கிடுவர். ஒழுக்கம் குலைவது ஜெயிக்கும்போது. மூன்றாவது ரேஸில் ஒரு ஃப்ளூக் அடித்துவிட்டது என்று கொள்வோம். கூட வந்த தம்பி சொல்கிறான்: “அண்ணே, ஆயிரத்தோட வந்தோம், மூவாயிரம் இருக்கு. கிளம்பிடலாம்ணே.” அண்ணன் விடை: “ஆயிரம் போனாத்தான்டா நஷ்டம். மிச்சம் குதிரை குடுத்தது. குதிரைக்கே போகட்டும்.” தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் சோதனைகள் நடத்தி எழுதிய முடிவும் இதுவே: ஜெயித்த பணத்தை மனிதர்கள் தம் பணமாக நினைப்பதில்லை, துணிந்து வைக்கிறார்கள். அண்ணன் எந்தச் சோதனையும் நடத்தாமல் சொல்லிவிட்டார். நமது பைக் கோட்பாட்டின்படியும் இது பொருந்துகிறது. பட்டாபட்டி உட்பட எல்லாப் பைகளுக்கும் ஏற்கெனவே பெயர் உண்டு. ஜெயித்த பணத்துக்கென்று தனிப் பை இல்லை. அது கையிலேயே இருக்கிறது. கையில் இருப்பது கவுன்டருக்குப் போகிறது. போகும் வழியில் பிரியாணிக்கும், டிப் சொன்னவருக்கும், ரயிலை விட்டு ஆட்டோவுக்கும் கொஞ்சம் ஒதுக்கப்படும்.

எஞ்சியிருப்பது கடைசி ரேஸ். கெல்லி வாய்பாடு எழுதிய அதே 1956-இல், வில்லியம் மெக்லாத்லின் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் குதிரைப் பந்தயக் கணக்குகளைப் பார்த்து, நாளின் கடைசி ரேஸில் மக்கள் நடத்தை மாறுகிறது என்று கண்டார். ஜெயிக்கக்கூடிய ஃபேவரிட்டை விட்டுவிட்டு, ஜெயித்தால் அள்ளித் தரும் தூரத்துக் குதிரைகளின்மேல் போய்க் கட்டுகிறார்கள். அதுவரை போனதை ஒரே வீச்சில் மீட்டு, கணக்கை நேர் செய்துகொண்டு வீட்டுக்குப் போகும் ஆசை. இதைப் பேதைமை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் கடைசி ரேஸுக்கு இன்னொரு குணம் உண்டு. மூன்றாவது ரேஸில் ஜெயித்த பணத்துக்கு முன்னால் ஐந்து ரேஸ்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. கடைசி ரேஸில் ஜெயித்த பணத்துக்குப் போக வேறிடம் இல்லை. அது மட்டுமே ரயிலேறி வீடு வந்து சேரும். ஆகவே, கைக்காசு குறைந்தவர் நாள் முழுதும் சும்மா இருந்து, கடைசி ரேஸில் மட்டும் கட்டுவதே உத்தம ஒழுக்கம் என்று நிறுவ இருந்தோம்.

நிறுவ முடியவில்லை. கிண்டியில் உட்கார்ந்துகொண்டே பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பம்பாய்க்கும் கட்ட முடிந்தது. இங்கே கடைசி ரேஸ் முடிந்து பலகையில் எண் ஏறும் நேரத்தில், தொலைக்காட்சிப் பெட்டியில் பூனாவின் அடுத்த ரேஸுக்குக் குதிரைகள் கேட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்.