வினைமுற்று வராத இரவு

சிவராத்திரிக்குக் கண்விழிப்பது இன்று பெரிய வித்தையில்லை, கைபேசி ஒன்று கையிலிருந்தால் நாலு சாமமும் தானாகக் கழியும். 1976 கும்பாபிஷேகத்தை ஒட்டிய அந்த வருஷங்களில், சுந்தரர் பாடிய பாலாவியில் குடம் முக்கி, மகாலிங்கத்துக்கு வார்த்துவிட்டு, ஈர உடுப்போடு திருக்கேதீஸ்வரத்து மடத்துத் திண்ணையில் வந்து குந்தும் எங்களுக்கு, இரண்டாம் சாமத்திலேயே தலை ஆடத் தொடங்கிவிடும். அப்பப்பாவிடம் அதற்கொரு மருந்து இருந்தது: வசனம் கட்டும் விளையாட்டு.

ஆளுக்கொரு சொல். முன்னே வந்த எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டுத்தான் தன் சொல்லைச் சேர்க்கலாம். எவன் வாயில் வினைமுற்று வருகிறதோ அவனுக்குக் குட்டு. ஆகவே பெருக்கமரத்தடியில் நின்ற ஒரு மொட்டைக் கழுதை, நாங்கள் குட்டுக்குப் பயந்த பயத்தில், நடந்து, கிடந்து, மேய்ந்து, தேய்ந்து, எச்சம் எச்சமாகவே தலைமன்னார் இறங்குதுறைவரை போய்விடும், இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறாத குறைதான்.

கடலை சுற்றிவந்த பேப்பர்த் துண்டுகளை எழுத்துக்கூட்டி வாசித்ததால் கூட்டத்தில் நான்தான் பண்டிதன். ஒருநாள் கிடைத்த சொல் ‘காலஞ்சென்ற’. அது மரண அறிவித்தல் என்று யாருக்குத் தெரியும்? காலம் நிறையச் சென்றவர், அதாவது வயதுபோனவர் என்று நானே பொருள்பண்ணி, “மடத்தில குந்தியிருக்கிற எங்கட” என்று வந்த வசனத்தில் அதைக் கம்பீரமாகச் செருகினேன். தங்கச்சி அப்பாவியாக “அப்பப்பா” என்று சேர்த்தாள். அம்மா பதறி எழும்ப, அப்பப்பா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “பொறு பிள்ளை, வினைமுற்று இன்னும் வரேல்லை” என்றார்.

1990இல் ஊர் இடம்பெயர்ந்தது. திண்ணையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நாட்டில். இன்று அப்பப்பா நான்தான். ரொறன்ரோவில் பேரன், செயலியில் நட்சத்திரம் வாங்கித் தமிழ் படிக்கிறான். “நான் போறன் ஸ்கூலுக்கு” என்கிறான். எங்கள் சட்டப்படி இரண்டாம் சொல்லிலேயே குட்டு. என் கைபேசி அவனுக்கு மேல்: ‘நான்’ என்று தட்டினாலே ‘வருகிறேன்’ என்று அவசரமாக முடித்துத் தருகிறது.

போன சிவராத்திரிக்கு அவனோடு விளையாடிப் பார்த்தேன். “அடுத்த” என்றேன். “வருசம்” என்றான். “மன்னாருக்கு.” “வந்து.” “பாலாவியில.” “குளிச்சு” என்றவன் வாய் திறந்தபடியே திரையில் உறைந்துபோனான், இணைப்பு அறுந்துவிட்டது.

வினைமுற்று வரவில்லை. ஆட்டம் அவனுக்குத்தான்.