நிலவறையில் ஒரு வீரசிகாமணி

பேருந்தில் நடத்துநர் கணக்குத் தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட ஐந்து ரூபாயை, தாம் இறங்க வேண்டிய நிறுத்தம் போனாலும் போகட்டும் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் திருப்பிக் கொடுக்கிறவர். விண்ணப்பப் படிவத்தில் அலுவலக உபயோகத்துக்கென்று ஒதுக்கிய பகுதியில் தம் பேனாவின் நிழல்கூட விழாதபடி பார்த்துக்கொள்கிறவர். ஆளே இல்லாத கவுண்டருக்கு முன்னாலும் வரிசையாக நிற்க முயல்கிறவர். இத்தகைய மனிதர் ஒருவர், இரவு பத்து மணிக்குமேல் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கொடூரத்துக்கென்றே பெயர் வாங்கிய ஒரு பயங்கர விளையாட்டைக் கணினியில் திறந்துவைத்து உட்கார்ந்தால், எந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார் என்பதை ஜோசியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கவசமும் வாளும் தரித்த மாவீரரைத்தான் ஏற்றுக்கொள்வார். இந்த ரகத்தாருக்கு நான் வீரசிகாமணி என்று பெயர் வைத்திருக்கிறேன்; அவர்கள் எண்ணிக்கையில் குறைவானவர்களும் அல்லர், எத்தனை முறை செத்தாலும் குறைகிறவர்களும் அல்லர்.

அவர் ஆடும் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பின்லாந்து தேசத்தவரான மீரோ ஹாவரினென் என்பவர், பெரும்பாலும் தனியொருவராகவே இருந்து, ஆர்பிஜி மேக்கர் என்னும் எளிய கருவியைக் கொண்டு இயற்றி, 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட 'ஃபியர் அண்ட் ஹங்கர்' என்பதே அது. அச்சமும் பசியும் அதில் வரும் பாதாளச் சிறையின் பெயர். உள்ளே கிடைப்பவையும் அவைதாம். கதை 1590-ஆம் ஆண்டில் நடப்பதாகக் கற்பனை. அந்தச் சிறைக்குள் இறங்குவதற்கு நான்கு பேர் காத்திருக்கிறார்கள். கஹாரா என்பவன் கூலிக்குப் போர் செய்கிறவன். பூட்டு, திருட்டு முதலிய கலைகளில் கைவந்தவன். என்கி என்பவர் செத்தவர்களை எழுப்பும் அளவுக்குப் படித்துவிட்ட இருள்மதப் பூசாரி. ராக்ன்வால்டர் என்பவன் வடதேசத்து வேட்டுவன். வேளைக்குச் சோறு கிடைக்காவிட்டால், தான் வீழ்த்திய பகைவனையே உண்டு பசியாறக்கூடியவன். நான்காமவள் டார்ஸ் என்னும் வீராங்கனை. நள்ளிரவுச் சூரியப் படையைச் சேர்ந்த அவள், தன் தலைவனான லெகார்ட் அந்தச் சிறையில் அடைபட்டிருக்கிறான் என்று கேள்வியுற்று, அவனை மீட்பதற்காக வந்தவள். பக்தி, விசுவாசம், சொல்லாத காதல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் காய்ச்சி வடித்தால் எவ்வளவு அசட்டுத்தனம் மிஞ்சுமோ அவ்வளவும் அவளிடம் உண்டு. வீரசிகாமணிக்கு அவளைப் பார்த்த மாத்திரத்திலேயே உள்ளம் நெகிழ்ந்துவிடுகிறது.

பூட்டுத் திறக்கத் தெரிந்தவனை விட்டுவிட்டு, பிணத்தையும் பேசவைக்கும் பூசாரியை விட்டுவிட்டு, பசியை வெல்ல வழி கண்ட வேட்டுவனையும் விட்டுவிட்டு, இவர் ஏன் இந்த வீராங்கனையைப் பிடித்துக்கொள்கிறார்? நமது தகப்பனார்மார் அரசாங்க உத்தியோகத்தை விரும்பியதற்கு என்ன காரணமோ அதுவேதான் காரணம். கவசம் என்பது அவருக்கு நிரந்தர நியமனம். வாள் என்பது பதவிக்குரிய முத்திரை. முறைப்படி நடந்துகொண்டு, மேலிடத்துக்கு விசுவாசமாயிருந்து, யார் வயிற்றிலும் அடிக்காமல் காலத்தைக் கழித்தால் கடைசியில் பென்ஷன் வந்தே தீரும் என்ற நம்பிக்கையோடுதான் அவர் அந்தச் சிறையின் வாசற்படியில் காலை வைக்கிறார். உள்ளே அப்படி ஓர் இலாகாவே கிடையாது என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்லுவது?

இந்த வியாதிக்குப் பூர்விகம் உண்டு. ஸ்பெயின் தேசத்து செர்வாண்டிஸ், வீரகாவியங்களைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்து, நாவிதனின் சவரக் கிண்ணத்தைத் தலைக்கவசமென்று சூடிக்கொண்ட டான் குயிக்ஸாட்டின் கதையை 1605-இல் வெளியிட்டார். அந்த ஆசிரியர் 1571-இல் லெப்பாண்டோ கடற்போரில் மெய்யாகவே போரிட்டு இடக்கையின் செயலை இழந்தவர் என்பதையும், ஆகவே வீரத்தின் விலை இன்னதென்று அவருக்கு ரசீதோடு தெரியும் என்பதையும் நினைத்துப் பார்க்கையில், அவர் சிரித்ததற்கு முழு உரிமை பெற்றிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் வீரசிகாமணிக்கு அத்தகைய அனுபவம் இல்லை. ஆனால் ஹாவரினென் அந்தக் குறையைச் சீக்கிரமே தீர்த்துவைக்கிறார்.

முதல் தளத்தில் ஒரு காவலன் உலாவுகிறான். மனிதனைப்போல இரண்டு மடங்கு பருமன். கையில் இறைச்சி வெட்டும் பெருங்கத்தி. இவ்விளையாட்டில் பகைவனைப் பொத்தாம்பொதுவாக அடிக்க முடியாது. தலையா, உடலா, கையா, காலா என்று அங்கத்தைக் குறிப்பிட்டு அடிக்கவேண்டும். அனுபவஸ்தர்கள் அனைவரும் ஒருமுகமாகச் சொல்லும் உபாயம் ஒன்றே ஒன்று: கத்தி பிடித்த கையை முதலில் வெட்டு. வீரசிகாமணியின் சகோதரி மகன், கல்லூரியில் படிக்கிற பையன், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதைத்தான் அன்றிரவு கதறிக் கதறிச் சொன்னான்.

"மாமா, கையை வெட்டுங்க மாமா, கையை!"

"ஆயுதம் ஏந்தின கையை வெட்டிட்டு, வெறுங்கையோட நிக்கிறவனை அடிக்கறது தர்மயுத்தமாடா?"

"அவன் உங்க கையை வெட்டிடுவான் மாமா."

"அது அவன் குணம்."

சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குணம் வெளிப்பட்டுவிட்டது. கதையில் கை போனால் போனதுதான். அடுத்த அறையில் முளைத்து வருவதில்லை. கேடயம் பிடிக்க வழியில்லை, இரு கைகளால் ஏந்தும் பெருவாளுக்கும் விடை கொடுத்துவிட வேண்டியதுதான். கால்கள் இரண்டும் போனாலோ, தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும் பாக்கியம் கிடைக்கும். துருப்பிடித்த ஆணியை மிதித்துக் காயம் சீழ்பிடித்தால், தக்க மூலிகை கையில் இல்லாதபோது எலும்பு அறுக்கும் ரம்பத்தால் அந்த அங்கத்தைத் தானே அறுத்துக்கொள்ளவும் நேரிடும். இத்தனைக்கும் பிறகு தப்பித் தவறி எதிரியை வீழ்த்தினால் என்ன லாபம் என்கிறீர்கள்? ஒன்றுமில்லை! இந்த இனத்து விளையாட்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒவ்வொரு வெற்றிக்கும் அனுபவப் புள்ளிகள் சேர்ந்து, படிப்படியாகப் பாத்திரம் பதவி உயர்வு பெறுவது வழக்கம். 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்த நாளிலிருந்து நிலைத்துவிட்ட சம்பிரதாயம் அது. ஹாவரினென் அந்த இன்கிரிமென்டை அடியோடு ரத்து செய்துவிட்டார். சண்டையிடுவதால் நஷ்டம் உண்டே தவிர லாபம் இல்லாத ஓர் உலகத்தில், சண்டையிடுவதையே சுதர்மமாகக் கொண்ட ஒருத்தியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிற இந்த மனிதரின் நகைச்சுவை சற்றுக் குரூரமானதுதான். ஆனாலும் அது நகைச்சுவை அல்லவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீரசிகாமணி மனம் மாறுகிறாரா? மாறவில்லை, வியாக்கியானம்தான் மாறுகிறது. முதல் நாள் புறமுதுகு காட்டுவது இழுக்கு என்றவர், அடுத்தடுத்துச் செத்து எழுந்த பின்பு, எதிரியைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போவது புறமுதுகு ஆகாது என்று தீர்ப்பளிக்கிறார். அதற்கும் சில மரணங்களுக்குப் பிறகு, எதிரி நம்மைப் பார்க்காதபோது ஓடினால் அவனுக்கு முதுகு தெரிய நியாயமில்லை என்ற நுட்பமும் அவருக்குப் புலப்படுகிறது. பிணத்தின் சட்டைப்பையைத் துழாவுவது திருட்டாகாதாம். அனாதை உடைமைகளைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளுதலாம். சாஸ்திரம் படித்தவர்கள் சாஸ்திரத்தை மீறுவதில்லை, அதற்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடித்துப் போய்விடுகிறார்கள் என்பதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

அச்சத்தின் கதை இப்படியிருக்க, பசி தன் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேரம் ஓட ஓட வயிறு காய்ந்துகொண்டே வரும். மூலை முடுக்கிலுள்ள பெட்டி பீப்பாய்களை எல்லாம் கிளறி, கெட்டது பார்க்காமல் கிடைத்ததை விழுங்க வேண்டும். உயர்குலத்து வீராங்கனை இருட்டில் பீப்பாய்க்குள் தலையைவிட்டுத் தேடிக்கொண்டிருந்த ஒரு தருணத்தில்தான் வீரசிகாமணியின் தர்மபத்தினி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உப்புமா ஆறிட்டிருக்கு."

"இரு, இந்தப் பீப்பாயைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"பீப்பாயில என்ன இருக்கு?"

"அழுகின மாமிசமாவது இருக்கான்னு பார்க்கணும். பட்டினியால உயிர் போயிட்டிருக்கு."

அந்த அம்மாள் உப்புமாவை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். சுத்த சைவ குடும்பம். இன்னதென்று கேட்டால் எங்கே போய் முடியுமோ என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தூக்கமும் அங்கே இலவசமில்லை. ஆடிய மட்டிலும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளப் படுக்கையில் படுக்கவேண்டும். படுப்பதற்கு முன் நாணயத்தைச் சுண்டவேண்டும். பூவா தலையா என்பதில் தவறினால், தூங்குகிற இடத்திலேயே எமன் வந்து எழுப்புவான். சில பகைவர்களின் கொடிய தாக்குதலுக்கும் இதே நாணயம்தான் பரிகாரம். சரியாகச் சொன்னால் பிழைத்தீர்கள், தப்பாகச் சொன்னால் அக்கணமே ஆட்டம் முடிந்தது. வீரசிகாமணி எப்பொழுதும் தலை என்றுதான் கேட்பார். பூ என்று கேட்பது வீரர்களுக்கு அழகல்ல என்பது அவர் கட்சி. கணக்குப்படி பார்த்தால் எதைக் கேட்டாலும் பாதிக்குப் பாதிதானே, ஆகவே இந்தக் கொள்கையினால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் அவர் கடைப்பிடிக்கும் கொள்கைகளுள் செலவில்லாத கொள்கை இது ஒன்றுதான்.

இவ்வளவு பாடும் லெகார்ட் என்ற ஒருவனுக்காக என்பதை மறந்துவிடக் கூடாது. தலைவனை மீட்பதற்கு விளையாட்டு ரகசியமாக ஒரு கெடு வைத்திருக்கிறது. ஆட்டம் தொடங்கி ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் அவனுடைய அறையை அடையாவிட்டால் அவன் செத்துக் கிடப்பான். கெடு இருப்பதாக யாரும் அறிவிப்பதில்லை. கூலிவீரனாய் வந்தவன் குறுக்குவழியைப் பிடித்து ஓடியிருப்பான். நம்மவரோ வழியில் கண்ட ஒவ்வொருவரிடமும் அறைகூவல் விடுத்து, நியாயமாகப் போரிட்டு, கூண்டில் அடைபட்டிருந்த சிறுமியை விடுவித்து, அவளுக்கும் உணவு தேடிக் கொடுத்து, ஒற்றைக் கையோடு அந்த அறையின் கதவைத் திறந்தபோது, தலைவன் விறைத்துப் போயிருந்தான்.

"பார்த்தீங்களா மாமா, உங்க தர்மயுத்தத்துல மூணு சண்டை போட்ட நேரத்துல அந்த ஆளைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றான் பையன்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தகவல் கொடுக்காதது அவங்க தப்பு," என்றார்.

லெகார்டும் அப்படியொன்றும் மீட்கத் தகுந்த பேர்வழி அல்லன் என்பது வேறு விஷயம். கென்டாரோ மியூரா 1989-இல் தொடங்கிய 'பெர்செர்க்' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையின் சாயை இவ்விளையாட்டில் நன்றாகப் படிந்திருக்கிறது. அதைப் படித்தவர்கள், அழகிய முகமும் பெருங்கனவுகளும் கொண்ட படைத்தலைவனைக் கண்டால் தங்கள் பணப்பையையும் உயிரையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இதைப் பையன் விளக்கிச் சொன்னதற்கு, மேலதிகாரியின் நடத்தையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அதிகாரம் தமக்கு இல்லை என்று கூறி, வீரசிகாமணி முதலிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார். டார்ஸைத்தான் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்.

2022-இல் இதன் இரண்டாம் பாகம் 'டெர்மினா' என்ற பெயரோடு வந்தது. அதன் கதை 1942-இல், துப்பாக்கிகளும் ரயிலும் வந்துவிட்ட காலத்தில் நடக்கிறது. பையன் அதை வாங்கி மாமாவின் கணினியில் ஏற்றிக் கொடுத்த அன்று, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பாத்திரங்களின் வரிசையை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மருத்துவர் இருந்தார், இயந்திரம் பழுது பார்க்கிற பெண் இருந்தாள், பத்திரிகை நிருபர், தாவர சாஸ்திரி, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்ப் பையன் எல்லோரும் இருந்தார்கள். கவசம் தரித்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் குத்துச்சண்டைக்காரன் ஒருவன்மேல் விரலை வைத்தார்.

"இவன் பரவாயில்லை. விதிமுறை உள்ள தொழில். இடுப்புக்குக் கீழே யாரும் அடிக்க மாட்டாங்க."

"அங்கே அதெல்லாம் யார் மாமா பார்க்கறாங்க?"

"நடுவர் யாருன்னு போட்டிருக்கா, பாருடா," என்றார் வீரசிகாமணி.