ஜெனரேட்டர் சூடாகிறதா? நீங்களே சரிசெய்யலாம்!

கிரெனடாவின் தென்கரையில் நங்கூரம் போட்டு, புயல் பருவம் முடியட்டும் என்று காத்திருக்கும் பாய்மரப் படகுக்காரரா நீங்கள்? ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் பொசுக்கென்று நின்றுவிட்டதா? உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடு ஏறினால் தானாக நிற்கும்படி வைத்தது, அதை வடிவமைத்தவரின் பயந்த சுபாவம். மூன்றாம் முறையும் நின்றால் கருவிப்பெட்டியை எடுக்கலாம்.

உள்ளே கூலன்ட் சுற்றிச் சுற்றி வரும். கடல்நீர் வெளியிலிருந்து வந்து, வெப்பமாற்றியில் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து வெளியேறும். கடல்நீரை இழுப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். பெயர் இம்பெல்லர். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். ஆகவே அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். சென்சாரைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துப் படகுக்காரரைக் கேளுங்கள், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார். விளக்கு எரியாவிட்டாலும் அவர் அதையேதான் சொல்வார்.

கடல்நீர் வரும் வழியிலுள்ள வடிகட்டியைத் திறந்தால் சர்காசம் பாசி இருக்கும். 2011 முதல் கரீபியக் கடலில் திட்டுத் திட்டாக மிதந்து வருகிறது. அள்ளி எறிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று குளிக்கப் போங்கள். ஜெனரேட்டர் மறுபடி நின்றதும் ஈரத்தலையோடு திரும்பி வரலாம்.

இனி இம்பெல்லர் இருக்கும் பம்பு. கை நுழையாத பக்கம் எதுவோ, அங்கேதான் இருக்கும். கடல்நீர் வால்வை மூடிவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கடைசி ஸ்க்ரூ படகின் அடித்தட்டுக்குள் விழும். இதற்கென்றே காந்தக் கோல் வாங்கி வைத்திருப்பீர்கள், ஸ்க்ரூவோ பித்தளை.

இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணுங்கள். நான்கு குறைந்தால், அந்த நான்கும் குழாய் வழியே போய் வெப்பமாற்றியின் வாயை அடைத்திருக்கும். மூன்றைக் கண்டெடுத்ததும் தேடலை நிறுத்துவது மரபு. நான்காவது, பயணம் கிளம்பிய பிறகு தன் இருப்பைக் காட்டும். வெப்பமாற்றியில் துத்தநாகத் தண்டு ஒன்றும் செருகியிருக்கும். உப்புநீர் உலோகத்தை அரிக்காமலிருக்கத் தன்னையே கொடுத்துக் கரைவது அதன் வேலை. திறந்து பார்த்தால் வெறும் திருகுமூடிதான் மிச்சம்.

புதிய இம்பெல்லரில் கிளிசரின் தடவி, சுழலும் திசைக்கேற்ப இறக்கைகள் மடியும்படி நுழையுங்கள். எந்தத் திசை என்பதைப் பழையதைக் கழற்றும்போதே பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றவிட்டால், கடல்நீர் சைலன்ஸரை நிரப்பிச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். அப்புறம் மெக்கானிக் சொல்வதுதான் கணக்கு.

ஸ்டார்ட் ஆனதும் புகைக்குழாயில் தண்ணீர் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டவில்லையா? வால்வைத் திறக்க மறந்திருப்பீர்கள். தண்ணீரில்லாமல் ஓடும் ரப்பர் சீக்கிரமே கருகும். இன்னொரு இம்பெல்லரை எடுங்கள்.

கழற்றியவற்றை எறிய மனசு வராதே? அவசரத்துக்கு ஆகும் என்று புதியவை இருக்கும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.